மலையாளி பேசுவது மலையாளம் அன்று

ஜவ்வாது மலையில் வாழும் பழங்குடி மக்களை அரசின் பட்டியல் 'மலையாளி' என்று குறிக்கிறது. மலையில் வாழ்பவர் என்பதே அச்சொல்லின் பொருள். கேரளத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூலிலும் அவ்வழக்கு பதிவாகியிருக்கிறது. நாங்கள் பேசுவது தமிழ். சாமையையும் தேனையும் தமிழில்தான் விற்கிறோம். சாமியையும் தமிழில்தான் கூப்பிடுகிறோம். ஆயினும் மலையை விட்டு இறங்கிச் சாதிச் சான்றிதழை நீட்டும் போதெல்லாம், "உங்கள் தாய்மொழி மலையாளமா?" என்ற கேள்வி எங்களைத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது.

மனிதர் கேட்டால் பதில் சொல்லிவிடலாம். கேட்காமலேயே பெயரைப் பார்த்து ஒருவர் முடிவு கட்டிவிட்டால் என் செய்வது? இன்று அப்படிக் கேட்காமல் முடிவு கட்டும் ஒரு கூட்டம் நம் சட்டைப் பையிலேயே குடியேறிவிட்டது. கைப்பேசியையும் கணிப்பொறியையும் சொல்கிறேன். ஓர் இணையப் பக்கம் எம்மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை எழுதியவர் சொல்லாவிட்டால் அவை ஊகிக்கின்றன. தவறாகச் சொல்லிவைத்தாலோ அதை அப்படியே நம்புகின்றன. இச்சிறு செய்திக்கு ஆண்டு மலரில் இத்தனை பக்கமா என்று நண்பர்கள் நினைக்கக் கூடும். எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொன்னால் அவ்வாறு நினைக்க மாட்டார்கள்.

எங்களோடு பார்வையற்ற நண்பர் ஒருவர் பயில்கிறார். பாடமும் செய்தியும் தேர்வு அறிவிப்பும் அவருக்குக் காது வழியேதான். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் செயலி அவருடைய கைப்பேசியில் இருக்கிறது, திரைவாசிப்பான் என்பார்கள். சென்ற ஆண்டு ஓர் உதவித்தொகை அறிவிப்பை அவர் திறந்தார். அது எந்த அலுவலகத்தின் அறிவிப்பு என்பது இங்கே வேண்டாம். அறிவிப்பு முழுவதும் நல்ல தமிழில் இருந்தது. கைப்பேசியோ ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு, தமிழையெல்லாம் தாண்டிக் குதித்து, இடையிடையே வந்த எண்களை மட்டும் ஆங்கிலத்தில் ஒப்பித்துக்கொண்டு போயிற்று. "என்னப்பா, கணக்கு வாத்தியார் மாதிரி வெறும் நம்பரா சொல்லுது?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த எண் கடைசித் தேதி, எந்த எண் வருமான வரம்பு, எந்த எண் இணைக்க வேண்டிய சான்றிதழ்களின் தொகை என்று அவர் எப்படி அறிவார்? வேறொருவர் படித்துச் சொன்ன பிறகே அவர் விண்ணப்பிக்க முடிந்தது. பிறரை நாடாமல் தானே படிப்பதற்காகத்தானே அந்தக் கருவியை அவர் வைத்திருக்கிறார்?

பிறகு நான் அப்பக்கத்தைக் கணிப்பொறியில் திறந்து, அதன் பின்னே மறைந்திருக்கும் எழுத்தைப் பார்த்தேன். இணையப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி இருக்கிறது. இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை என்று உலாவிக்குச் சொல்வது அதன் வேலை. அதன் தொடக்க வரியிலேயே 'லாங்' என்றொரு பண்பை எழுதலாம். தமிழுக்கு 'டி ஏ', ஆங்கிலத்துக்கு 'இ என்', உருதுவுக்கு 'யு ஆர்', மலையாளத்துக்கு 'எம் எல்' என்று இரண்டிரண்டு எழுத்துகள். சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் 1988இல் வெளியிட்ட பட்டியலிலிருந்து வந்தவை இவை. 1995இல் இணையத்துக்கென மொழிக்குறி விதிகள் வகுக்கப்பட்டன. 1997 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். நான்காம் பதிப்பில் 'லாங்' முறையாக இடம்பெற்றது. ஆக, இது நேற்று முளைத்த புதுமையும் அன்று.

அந்த அறிவிப்பின் தொடக்க வரியில் 'இ என்' என்று இருந்தது. அதாவது, "இப்பக்கம் ஆங்கிலத்தில் உள்ளது" என்று அது தன்னைத்தானே அறிமுகம் செய்துகொண்டது. கருவியின் மீது என்ன பிழை? சொன்னதை நம்பியது. இதில் யாருக்கும் தீய எண்ணம் இருந்ததாக நான் கருதவில்லை. பக்கங்களை உருவாக்குவோர் ஆயத்த அச்சு ஒன்றை எடுத்து அதில் தம் செய்தியை நிரப்புகிறார்கள். அவ்வச்சுகளில் பெரும்பாலானவை 'இ என்' என்று முதல் வரியில் எழுதியே வருகின்றன. செய்தியை மாற்றுபவர் அவ்வரியை மாற்றுவதில்லை. திரையில் தமிழ் அழகாகத் தெரிகிறது. அத்துடன் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்.

ஒரு காலத்தில் நிலைமை இன்னும் மோசம். ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை ஒட்டவைத்த எழுத்துருக்கள் பல இருந்தன. ஒரு நாளிதழின் எழுத்துரு இல்லையெனில் அந்நாளிதழ் திரையில் வெறும் கிறுக்கல். 1999இல் தமிழக அரசு டாப், டாம் என்ற இரு குறியேற்றங்களை அறிவித்தது; 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறி வந்தபின், 'இது தமிழ் எழுத்து' என்று எந்தக் கருவிக்கும் ஐயமின்றித் தெரியும். எழுத்துத்தான் தெரிந்துவிட்டதே, மொழியை வேறு தனியே சொல்ல வேண்டுமா என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். எழுத்து வேறு, மொழி வேறு. தேவநாகரி எழுத்தைக் கண்டதும் அது இந்தியா, மராத்தியா, நேபாளியா, சமஸ்கிருதமா என்று யார் சொல்ல முடியும்? தமிழ் எழுத்திலேயே சமஸ்கிருத சுலோகங்களை அச்சிட்ட புத்தகங்கள் நம் வீடுகளில் உண்டு. அதற்கு நேர்மாறாக, நம் மாணவர்கள் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் எழுதுவது ஆங்கில எழுத்தில் தமிழ். செங்கத்தின் சுற்றுவட்டாரத்தில், அதாவது எங்கள் மலையடிவாரத்தில், கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாக வெளியிட்டது. அவை வட்டெழுத்தில் வெட்டப்பட்டவை. இன்றைய தமிழாசிரியர்களில் பலரும் அவ்வெழுத்தைப் படிக்க இயலாது, மொழியோ தமிழேதான்.

இனி இரு மொழிகள் கலந்த பக்கத்துக்கு வருவோம். நம் நாட்டில் ஒரே மொழியில் மட்டும் அமைந்த பக்கம் அரிது. மேலே தமிழில் அறிவிப்பு, நடுவே ஆங்கிலத்தில் அரசாணைப் பகுதி, கீழே ஆங்கிலத்தில் விண்ணப்பப் படிவம் என்றுதான் இருக்கும். "இரண்டையும் தலைவாசலிலேயே எழுதிவிட்டால் போயிற்று" என்பது சிலர் கருத்து. அது கூடாது. 'லாங்' பண்பு ஒரே ஒரு மொழியைத்தான் ஏற்கும். பக்கத்தை அனுப்பும் சர்வர், அதனோடு சேர்த்து அனுப்பும் தலைப்புக் குறிப்பில் பல மொழிகளை வரிசையாகச் சொல்லலாம் என்பது உண்மையே. ஆனால் அது எம்மொழியார் படிப்பதற்காக அப்பக்கம் என்பதைக் கூறும் குறிப்பு. இன்ன வரி இன்ன மொழி என்பதை அது கூறாது. எச்.டி.எம்.எல். விதி இதில் கண்டிப்பாக இருக்கிறது: பக்கத்துக்குள் மொழி சொல்லப்படாமல், அக்குறிப்பில் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் இருந்தால், பக்கத்தின் மொழி 'தெரியாது' என்றே கொள்ள வேண்டும். ஜமுனாமரத்தூரில் நிற்கும் பேருந்தின் பலகையில் போளூர், திருப்பத்தூர் என்று இரண்டையும் ஒருங்கே எழுதி வைத்தால் எந்தப் பயணி ஏறுவார்? ஒன்று கிழக்கே இறங்கும் பாதை, மற்றொன்று மேற்கே இறங்கும் பாதை.

சரியான முறை எளியது. பக்கத்தின் அடிப்படை மொழியை முதல் வரியில் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பன எல்லாம் அம்மொழியே என்று கருவி கொள்ளும். வேற்று மொழி எங்கே நுழைகிறதோ அந்தப் பத்தியிலோ சொல்லிலோ, அங்கேயே அதன் குறியை இட வேண்டும். அப்பகுதி முடிந்ததும் கருவி தானாகவே பழைய மொழிக்குத் திரும்பிவிடும். தமிழ்க் குரலில் படித்துவந்த திரைவாசிப்பான், அரசாணைப் பகுதி வந்ததும் ஆங்கிலக் குரலுக்கு மாறி, மறுபடி தமிழுக்கு வரும்.

இது மேல்நாட்டார் நமக்குக் கற்றுத் தரும் புதுப் பாடம் என்று யாரும் எண்ண வேண்டாம். எங்கள் மலைக்கு அப்பால் வாணியம்பாடிப் பக்கத்தில் உதயேந்திரம் என்ற ஊர் உண்டு. செப்பேடுகளால் வரலாற்றில் பெயர் பெற்ற ஊர். அங்குக் கிடைத்தவற்றுள் ஒன்று, முதற் பராந்தக சோழன் காலத்துக் கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதியினுடையது. அரசர் புகழைப் பாடும் முற்பகுதி சமஸ்கிருதத்தில், கிரந்த எழுத்தில் உள்ளது. நிலத்தையும் எல்லையையும் சொல்லும் பிற்பகுதி தமிழில் உள்ளது. நிலத்தை உழுபவன் தமிழன். எல்லை அவனுக்கு விளங்க வேண்டும் என்ற நடைமுறை அறிவு அன்றைய அரசு அலுவலகத்துக்கு இருந்திருக்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வரும் 'ஸ்வஸ்திஸ்ரீ' கிரந்தத்தில் இருக்கும். அடுத்த சொல்லிலிருந்து தமிழ் எழுத்து தொடங்கும். நடுவில் ஒரு வடசொல் வந்தால் அது மட்டும் மீண்டும் கிரந்தம். படிப்பவனே, இங்கே மொழி மாறுகிறது, நாவை மாற்றிக்கொள் என்று கல்தச்சன் உளியால் சொல்லிவைத்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் பொறுமையாகச் செய்ததை, இன்று இரண்டெழுத்தைத் தட்டிச் செய்ய நமக்கு ஓய்வில்லை!

எந்தெந்தச் சொல்லுக்குக் குறி இடுவது என்ற கேள்வி அடுத்து எழும். பஸ், ஆபீஸ், பென்சில் என்று ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலக் குறி இட்டால் கருவி மூச்சுக்கு மூச்சு குரலை மாற்றிக் கேட்பவரைப் பைத்தியமாக்கிவிடும். 2008 டிசம்பரில் வெளியான உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டு நெறிகள் இதற்குத் தெளிவாக விடை தருகின்றன. பக்கத்தின் மொழியைச் சொல்வது முதல் நிலைக் கடமை; உள்ளே வரும் வேற்று மொழிப் பகுதிகளைச் சொல்வது இரண்டாம் நிலைக் கடமை. ஆட்பெயருக்கும் கலைச்சொல்லுக்கும், சுற்றியுள்ள மொழியோடு கலந்துவிட்ட சொல்லுக்கும் விலக்கு உண்டு. ஆகவே பஸ் தமிழாகவே ஓடட்டும். சாமையின் தாவரவியற் பெயரான பானிக்கம் சுமத்ரென்ஸ் என்பதற்கும் குறி இட வேண்டிய கட்டாயம் இல்லை.

விலக்கே தரக்கூடாத இடம் ஒன்று உண்டு; பெரும்பாலான தளங்கள் கோட்டை விடுவதும் அங்கேதான். பல அரசுத் தளங்களின் முகப்பு ஆங்கிலத்தில் இருக்கும். மேல் மூலையில் 'தமிழ்' என்ற ஒரே ஒரு சொல் பொத்தானாக இருக்கும். அதை அழுத்தினால் தமிழ்ப் பக்கம் வரும். அந்த ஒற்றைச் சொல்லுக்கு 'டி ஏ' என்ற குறி இல்லையென்றால் ஆங்கிலக் குரல் அதைச் சொல்லாமலே தாண்டிப் போய்விடக் கூடும். தமிழ்ப் பக்கம் யாருக்கு வேண்டுமோ அவர் காதில் அதன் வாசல் மட்டும் விழாது. வீட்டைக் கட்டி, விளக்கை ஏற்றி, கதவை மட்டும் சுவரின் நிறத்திலேயே பூசி மறைத்தது போன்ற செயல் இது.

வாணியம்பாடி, ஆம்பூர் நண்பர்களுக்காக ஒரு சொல். உருது வலமிருந்து இடமாகச் செல்வது. 'யு ஆர்' என்று மொழியைச் சொல்லிவிட்டதனாலேயே வரி திரும்பிவிடாது. திசைக்கென்று 'டிர்' என்ற தனிப் பண்பு இருக்கிறது. அதையும் எழுத வேண்டும்.

"கருவிகள் இப்போது அறிவு மிக்கவை, தாமாகவே மொழியைக் கண்டுபிடித்துவிடுமே" என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கூகுள் தேடுபொறி 'லாங்' பண்பைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தைக் கொண்டே மொழியை முடிவு செய்வதாக அதுவே கூறுகிறது. தேடலில் முன்னே வர வேண்டும் என்பதற்காக யாரும் இதைச் செய்ய வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊகத்துக்கு நீளம் வேண்டும். பத்துப் பத்தி இருந்தால் எந்த மடக் கருவியும் சரியாக ஊகிக்கும். அட்டவணையின் ஒரு கட்டத்தில் இருக்கும் ஒற்றைச் சொல்லை, ஒரு பொத்தானை, ஆங்கில எழுத்தில் எழுதிய ஓர் ஊர்ப்பெயரை வைத்து என்ன ஊகிக்கும்? 'மலையாளி' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து, கேட்டுத் தெளியக்கூடிய மனிதர்களே எங்களை எங்கே கொண்டு சேர்க்கிறார்கள் என்பதைத்தான் தொடக்கத்திலேயே சொன்னேனே.

எங்கள் மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986இல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி தொடங்கி வைக்கப்பட்டது. எங்கோ கிடக்கும் விண்மீனின் ஒளியைப் பிரித்து, அதில் என்ன தனிமம் இருக்கிறது என்று அறிஞர்கள் அங்கே ஆராய்கிறார்கள். விண்மீன் வாய் திறந்து சொல்லாது. ஆகவே ஊகிப்பதைத் தவிர வழியில்லை. இணையப் பக்கத்தை எழுதியவர் உயிரோடு, பக்கத்து அறையில், தேநீர் அருந்திக்கொண்டு இருக்கிறார். தாம் எழுதியது தமிழ் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் ஒரு சொல் சொன்னால் போதும் என்றிருக்க, கருவி எதற்காக நிறமாலையை ஆராய வேண்டும்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவ்வகையில் நல்ல மரபு ஒன்றைக் காத்து வருகிறது. தாய்மொழி எதுவென்று குடும்பத்தார் சொல்வதை அப்படியே எழுத வேண்டும் என்பதே கணக்கெடுப்பாளருக்கு இடப்படும் விதி. 2011இல் அவ்வாறு நாடெங்கும் எழுதப்பட்ட தாய்மொழிப் பெயர்கள் 19,569. பின்னர்தான் அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து 1,369 தாய்மொழிகளாகத் தொகுத்தனர். முதலில் உரியவரின் வாக்கு, பிறகே அறிஞரின் தொகுப்பு. அந்த வரிசை இணையத்திலும் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அப்படியானால் ஜவ்வாது மலைப் பேச்சுக்கென்று தனிக் குறியீடு கேட்கலாமே என்று என் ஊர் இளைஞர் ஒருவர் கேட்டார். என் கருத்து, வேண்டாம் என்பதே. எங்கள் பேச்சில் சமவெளியார்க்கு விளங்காத சொற்கள் பல உண்டு. ஆனால் மொழி தமிழ். தனிக் குறி வாங்கினால், 'நீங்கள் வேறு மொழியார்தானே' என்ற பழைய கேள்விக்கு நாமே முத்திரை குத்திக் கொடுத்தாற்போல் ஆகும். நீலகிரியின் நிலை வேறு. தோடருக்கு 'டி சி எக்ஸ்', படகருக்கு 'பி எஃப் க்யூ', இருளருக்கு 'ஐ ஆர் யு' என்று மூன்றெழுத்துக் குறியீடுகள் இருக்கின்றன. இருளப் பாட்டு ஒன்றைத் தமிழ் எழுத்தில் பக்கமேற்றுபவருக்கு ஒரு தருமசங்கடம் வரும். உண்மைப்படி இருளம் என்று குறித்தால் அதைப் படிக்கக் குரல் இல்லாத கருவி தடுமாறலாம். தமிழ் என்று குறித்தால் ஏதோ ஓர் அளவுக்குப் படித்துவிடும். வசதியா, உண்மையா? நான் உண்மையின் பக்கம் நிற்கிறேன். இன்று குரல் இல்லை என்பதற்காகப் பெயரையும் மறைத்துவிட்டால், நாளை அம்மொழிக்குக் குரல் அமைக்க வருபவர் அதன் எழுத்துகளை எங்கே போய்த் தேடுவார்? பக்கத்தின் முன்னுரையைத் தமிழில் எழுதி, அதற்குத் தமிழ்க் குறியிட்டு, பாட்டுக்கு மட்டும் இருளக் குறியிட்டால் இருவருக்கும் நியாயம் செய்ததாகும்.

சட்டத்தின் துணையும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் வெளியாகி, 2023இல் மூன்றாம் பதிப்பைக் கண்டன; மேலே சொன்ன உலகளாவிய அணுகல் நெறிகளையே அவை பின்பற்றச் சொல்கின்றன. ஆயினும் இதற்குச் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. நம் கல்லூரியில் கணிப்பொறி பயில்வோர் இருக்கிறார்கள். தமிழ் பயில்வோர் இருக்கிறார்கள். துறைதோறும் அறிவிப்புகள் இணையத்தில் ஏறுகின்றன. சேர்க்கை அறிவிப்பு வெளியாகும் முன் இரு துறை மாணவரும் ஒரு பிற்பகல் சேர்ந்து உட்கார்ந்து, கண்ட்ரோல் விசையோடு யு விசையை அழுத்தி முதல் வரியைப் பார்க்கலாம். 'இ என்' என்று இருந்தால் 'டி ஏ' ஆக்கலாம். ஆங்கிலப் படிவத்துக்கு மட்டும் 'இ என்' இடலாம். பிறகு அந்தப் பக்கத்தை என் நண்பரின் கைப்பேசியில் திறந்து, அவர் கடைசித் தேதியைத் திருப்பிச் சொல்கிறாரா என்று கேட்டுப் பார்க்கலாம்.